மாமனாரின் துப்பாக்கிகளுக்கு எந்த லாக்கர் வாங்கலாம்?

பெங்களூரு கே.ஆர். புரம் பக்கம் ஓர் அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருக்கும் வாசகி ஒருவர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. மாமனாருக்கு 76. ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, வேலூர் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார். மாமியார் காலமான பிறகு அவரைத் தனியே விட மனமில்லாமல் அடுத்த மாதம் பெங்களூருக்கு அழைத்து வருகிறார்கள். அவருடன் ஒரு 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் ஒரு .32 ரிவால்வரும் வருகின்றன. இரண்டுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. இரட்டைக்குழல், நிலக்கடலைக் கொல்லையின் காவலுக்கென்று வாங்கியது. கொல்லையை விற்றாயிற்று.

கடிதத்தின் முக்கியமான பகுதி இது: "என் வீட்டுக்காரர் ஆன்லைனில் ஒரு கைரேகை லாக்கர் பார்த்து வைத்திருக்கிறார். மாமா, அவர், நான் மூன்று பேரின் ரேகையையும் பதிந்துவிட்டால் கவலையில்லை என்கிறார். மாமாவோ, ரிவால்வர் தலைமாட்டில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்கிறார். கொஞ்ச நாளாக அவருக்கு மறதி இருக்கிறது. கேஸ் அடுப்பை இரண்டு தடவை அணைக்காமல் விட்டுவிட்டார். பென்ஷன் புத்தகத்தை இரண்டு நாள் தேடினார். பசங்களுக்கு லாக்கர் இருக்கிற இடத்தைச் சொல்லப்போவதில்லை. நல்ல லாக்கர் எது என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்."

அன்புள்ள சகோதரி,

லாக்கரைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் 'மற்றது' என்று ஒரே சொல்லில் நீங்கள் ஒதுக்கி வைத்ததில்தான் வழக்கே இருக்கிறது. லாக்கர் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். லைசென்ஸ் சரியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு வருடம். ஐந்து வருடம் வரை போகலாம், அபராதம் தனி.

லைசென்ஸ் எதுவரை செல்லும்?

மாமனாரின் லைசென்ஸை எடுத்து, செல்லுபடியாகும் பரப்பு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிலருக்கு மாவட்டத்துக்குள் மட்டும் கொடுத்திருப்பார்கள், சிலருக்கு மாநிலம் முழுக்க. இந்தியா முழுக்க என்று வைத்திருப்பவர்கள் குறைவு. கொல்லைக் காவலுக்கு வாங்கிய லைசென்ஸில் 'தமிழ்நாடு' என்று மட்டும் இருந்தால், அந்தத் துப்பாக்கி கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிய நிமிடமே உரிமத்துக்கு வெளியே போய்விடுகிறது. கே.ஆர். புரத்துக்குப் பக்கம் என்று சித்தூர், முல்பாகல், கோலார் வழியாக வண்டியை விட்டீர்களானால் நடுவில் ஆந்திரமும் சேர்ந்துகொள்ளும். வழியில் சோதனை போட்டால், "லைசென்ஸ் இருக்கிறது சார்" என்பது பாதி பதில்தான்.

ஆகவே சாமான் லாரியில் துப்பாக்கி ஏறக்கூடாது. லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடம் (உங்கள் விஷயத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம்) பரப்பை நீட்டிக்கச் சொல்லி மாமனார் மனு கொடுக்க வேண்டும். இடம் மாறுவதை அங்கேயும் இங்கேயும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெங்களூரு நகரத்துக்குள் உரிம அதிகாரி போலீஸ் கமிஷனர். லைசென்ஸின் காலாவதித் தேதியையும், தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனி எண் அதில் ஏறியிருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள். அந்த எண் இல்லாத பழைய லைசென்ஸ் இன்று செல்லாது. கிராமங்களில் பெரியவர்கள் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய புத்தகங்களில் இந்தக் குறை சாதாரணமாக இருக்கும்.

அனுமதி வரும்வரை இரண்டு துப்பாக்கியும் எங்கே இருக்கும்? ஆளில்லாத பூட்டிய வீட்டில் விட்டுவிட்டு வருவது எல்லாவற்றிலும் மோசம். உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளர்கள் வாடகைக்குப் பாதுகாப்பில் வைத்துக்கொள்வார்கள். அவர்களின் லைசென்ஸில் அதற்கான அனுமதி இருக்கிறதா என்று கேட்டு, துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை இரண்டையும் எழுதிய ரசீதோடு ஒப்படையுங்கள். பேங்க் லாக்கர் யோசனை வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போடும் லாக்கர் ஒப்பந்தமே ஆயுதங்களை வைக்கக் கூடாது என்கிறது.

மூன்று கைரேகை ஏன் கூடாது?

இந்த இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் நல்லது நினைத்துத் தவறு செய்கிறார். லைசென்ஸ் மாமனார் பேரில் இருக்கிறது, குடும்பத்தின் பேரில் இல்லை. 'வைத்திருப்பது' என்றால் கையில் பிடித்திருப்பது மட்டும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்து, அதன்மேல் அதிகாரமும் கட்டுப்பாடும் ஒருவருக்கு இருந்தால், ஆயுதம் வேறொருவர் கையில் இருந்தாலும் அது அவருடைய வசம் என்று கருதப்படலாம். மாமனார் அதே வீட்டில் இருக்கும்போது மருமகள் அங்கே வசிப்பதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் அவர் இரண்டு மாதம் ஊருக்குப் போயிருக்கிறார், லாக்கர் உங்கள் விரலுக்குத் திறக்கிறது என்றால், உங்கள் நிலைமையைக் கோர்ட்டில் விளக்க வேண்டியிருக்கும். அந்த விளக்கம் சொல்லும் நிலையிலேயே நீங்கள் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

சரி, மாமனார் ஒருவர் மட்டும் திறக்கும்படி வைக்கலாம் என்றால், அவருக்கு மறதி. இதுதான் உங்கள் வீட்டின் உண்மையான சிக்கல். சட்டப்படி சாவி இருக்க வேண்டியவரிடம், இன்றைய நிலையில் சாவி இருக்கக் கூடாது. எந்தக் கம்பெனி லாக்கரும் இதைத் தீர்க்காது. மறதியைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதம் முழுவதிலும் கனமான வரிகள் அவைதான். மனைவி போன துக்கத்திலும் இப்படி மறதி வரும். வேறு காரணமாகவும் இருக்கலாம். பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது, வந்தவுடன் ஒரு முறை காட்டிவிடுங்கள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று தெரியும்வரை துப்பாக்கி ஆயுதக் கடையிலேயே இருக்கட்டும்.

தலைமாட்டு ரிவால்வர்

திருடன் வந்தால் என்ன செய்வது என்று மாமனார் கேட்பார். தற்காப்பு உரிமை நிச்சயம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34-ஆம் பிரிவிலிருந்து 44 வரை அதைத்தான் பேசுகின்றன. இருட்டிய பின் வீட்டை உடைத்து நுழைகிறவனிடமிருந்து சொத்தைக் காப்பதில் உயிரிழப்பு நேர்ந்தால்கூட 41-ஆம் பிரிவு சில சூழ்நிலைகளில் பாதுகாக்கும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37-ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது. கேட்டில் செக்யூரிட்டி, லிஃப்டில் கேமரா உள்ள அபார்ட்மெண்டில், நள்ளிரவில் இருட்டில் நடமாடுவது யாராக இருக்கும்? தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் பையனாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பாதித் தூக்கத்தில் இருக்கும் 76 வயதுக்காரருக்கு அது தெரிய வேண்டுமே!

இன்னொன்று. விபத்தில் யாராவது இறந்துபோனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு 106-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. பழைய சட்டத்தில் இது இரண்டு வருடமாக இருந்தது. பாதுகாப்பாக வைக்காதது லைசென்ஸ் நிபந்தனையை மீறியதாகவும் ஆகலாம். அதற்கு ஆயுதச் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை தனியாக இருக்கிறது.

பசங்களுக்கு இடம் தெரியாது என்கிறீர்கள். நம் வீடுகளில் பீரோ சாவி எங்கே இருக்கும்? சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவுக்குள், பட்டுப்புடவை மடிப்பில். தீபாவளிப் பட்டாசை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற எட்டு வயதுக்காரனுக்கு இந்த மூன்று இடமும் தெரியும். அமெரிக்காவில் 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2001-இல் வெளிவந்தது. இழுப்பறையில் ஒரு நிஜக் கைத்துப்பாக்கி, சுடாதபடி மாற்றி வைத்தது. 29 குழுக்களில் 21 குழு அதைக் கண்டெடுத்தது. 16 குழு கையில் எடுத்தது. 10 குழுக்களில் யாரோ ஒருவன் விசையை இழுத்தே விட்டான். அந்தப் பையன்களில் பெரும்பாலானவர்களுக்குத் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பெண்ணுக்கு 14 வயது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பதின்ம வயதில் ஒரு மோசமான மாலை நேரம் யாருக்கும் வரலாம். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. உங்கள் மகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, எல்லா வீட்டுக்கும் சொல்வதைத்தான் சொல்கிறேன். மனம் சரியில்லாத எவரும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இனி லாக்கர்

லைசென்ஸ் பரப்பு நீட்டிக்கப்பட்டு, டாக்டரும் கவலையில்லை என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வாங்க வேண்டியது எது?

ஆன்லைனில் வரும் வீட்டு லாக்கர்கள் நகைக்கும் பத்திரத்துக்கும் செய்தவை. ரிவால்வர் அதில் போகும், இரட்டைக்குழல் போகாது. 12 போர் துப்பாக்கியின் முழு நீளம் ஏறக்குறைய நாலடி. கழற்றினாலும் குழல் மட்டும் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம் இருக்கும். மாமனாரைக் கழற்றச் சொல்லி டேப் வைத்து அளந்து பாருங்கள். உட்புற நீளம் அதற்கு மேல் நாலு விரற்கடையாவது வேண்டும். கழற்றி வைப்பதில் ஒரு லாபம், குழல் ஓரிடத்திலும் கட்டை ஓரிடத்திலும் பூட்டியிருந்தால் திருடனுக்கும் குழந்தைக்கும் கிடைப்பது வெறும் இரும்புத் துண்டு.

உங்கள் வீட்டுக்குக் கைரேகைப் பூட்டு வேண்டாம். ரேஷன் கடையில் வயதானவர்களுக்கு ரேகை விழாமல் நிற்கிறதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். அதைவிடப் பெரிய பயம் எதிர்ப்பக்கம்: திறக்கக் கூடாதவருக்குத் திறப்பது. அமெரிக்காவில் 2023 அக்டோபரில் சுமார் 61,000 கைரேகைத் துப்பாக்கிப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். ரேகை பதிந்துவிட்டோம் என்று உரிமையாளர்கள் நினைத்த பெட்டிகள் யார் விரல் வைத்தாலும் திறந்துகொண்டன. 12 வயதுப் பையன் ஒருவன் இறந்த பிறகே அந்த நடவடிக்கை வந்தது. எண் பூட்டுக்கும் தொல்லை உண்டு. மாமனார் வைக்கப்போகும் எண் அவர் பிறந்த வருடமாகவோ பழைய ரெஜிமெண்ட் எண்ணாகவோ இருக்கும், பேரப்பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பல எண் பூட்டுகளில் தொழிற்சாலையிலிருந்து வரும் பொது எண் ஒன்றும் இருக்கும், அதை மாற்றாமலே பயன்படுத்துகிறவர்கள் ஏராளம்.

நல்ல கனமான தகடு, உள்பக்கக் கீல், இரண்டு மூன்று பக்கமும் பாயும் தாழ்க்கம்பிகள், இருபுறமும் பல் வெட்டிய சாவி. இது போதும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 550 முத்திரை உள்ள பெட்டகம் வாங்கினால் நல்லது. ஆனால் கனம் உங்கள் மாடிக்கும் லிஃப்டுக்கும் ஏற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீளமான அளவு கிடைக்காவிட்டால் ஸ்டீல் பீரோ செய்பவரிடம் அளவு கொடுத்தே செய்துவிடலாம்.

பெட்டியைவிட அதைப் பதிக்கும் சுவர் முக்கியம். ஐந்து போல்ட் போட்டேன் என்பார் கார்ப்பென்டர், எங்கே என்று பார்த்தால் ப்ளைவுட் அலமாரியில் போட்டிருப்பார். அலமாரியோடு பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். பெங்களூரின் புது அபார்ட்மெண்டுகளில் சுவர்கள் பெரும்பாலும் எடை குறைந்த பிளாக். சாதாரண விரிவு போல்ட் அதில் பிடிக்காது, ரசாயனப் பிடிமானம் (கெமிக்கல் ஆங்கர்) வேண்டும். கான்கிரீட் தூண் கிடைத்தால் அதுதான் சிறந்தது. வாடகை வீடு என்பதால் ஓட்டை போடுமுன் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். துப்பாக்கிக்கு என்று சொல்ல வேண்டியதில்லை, லாக்கர் பதிக்க என்றால் போதும்.

தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு, வேறு இடம். இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டா நிரப்பாமல் வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, தோட்டாவைத் தனியே வைப்பது ஆகிய நான்கும், ஒவ்வொன்றும் தனித்தனியாகவே, வீட்டுப் பிள்ளைகளின் துப்பாக்கிக் காயங்கள் குறைவாக இருப்பதோடு சேர்ந்து காணப்பட்டன என்று 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்னும் ஒரு சின்ன விஷயம். தோல் உறையில் போட்டு லாக்கரில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் தோல் ஈரம் இழுத்து ரிவால்வரைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும்.

துப்பாக்கி வீட்டுக்கு வரத்தான் வேண்டுமா?

கொல்லை இல்லை, அதை மேய வரும் காட்டுப்பன்றி இல்லை, காவலுக்கு வேலையில்லை. இரண்டையும் விற்றுவிடலாம். வாங்குகிறவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும், விற்கப்போவதை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்கவும் வேண்டும். மாமனாரே எழுதிக் கொடுத்து லைசென்ஸை ரத்து செய்துகொள்ளவும் ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இடமிருக்கிறது.

அப்பாவின் நினைவாக உங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டும் என்றால் முறையான வழி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளில் 25-ஆம் விதி, உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டால், அல்லது துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தான் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்க அனுமதிக்கிறது. மாமனாருக்கு 76. ஆனால் மகன் என்பதால் தானாக வந்துவிடாது. அவர் பேரில் புது விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் உண்டு. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். பாதுகாப்பாக வைக்க இடமிருக்கிறதா என்று படிவமே கேட்கும். லாக்கர் வாங்கும் செலவுக்கு அந்தக் கட்டத்தில்தான் அர்த்தம் வரும். அப்போது சாவியும் ஒரே ஆளிடம், லைசென்ஸும் அதே ஆளிடம்.

தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமனார் காலமாகிவிட்டால் அன்றோடு அந்தத் துப்பாக்கிக்கு உரிமதாரர் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்து மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

மாமாவிடம் யார் பேசுவது?

நீங்கள் பேச வேண்டாம். மருமகள் வந்ததும் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டாள் என்று ஆகிவிடும். மகன் பேசட்டும், லாக்கர் விளம்பரத்தைக் காட்டிப் பேச வேண்டாம். பட்டாளத்துக்காரருக்குப் பட்டாளத்து பாஷை புரியும். யூனிட்டில் வேலை முடிந்ததும் ஆயுதம் 'கோத்' என்கிற ஆயுத அறைக்குப் போகும், பதிவேட்டில் கையெழுத்து விழும், வெடிபொருள் வேறு கட்டிடத்தில் இருக்கும். பாரக்கில் ரைஃபிளைத் தலைமாட்டில் வைத்து யாரும் தூங்கியதில்லை. இதை நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயுதக் கடையில் வைப்பதை அவர் பார்வையில் கோத்தில் ஒப்படைப்பதாகச் சொன்னால், பறிப்பதாகத் தோன்றாது. ரசீதில் அவர் பேர் இருக்கட்டும், அவரே வைத்துக்கொள்ளட்டும். ஹலசூரில் சாப்பர்ஸ் சென்டர் பக்கம் ஒரு நாள் கூட்டிப்போய்ப் பழைய 'தம்பி'களோடு (சாப்பர்ஸ் வீரர்களை அப்படித்தான் அழைப்பார்கள்) பேச வைத்தால் இன்னும் நல்லது.

அப்படியும் மறுத்து, மறதியும் கூடிக்கொண்டே போனால், மருத்துவச் சான்றோடு உங்கள் வீட்டுக்காரர் உரிம அதிகாரிக்கு எழுதலாம். உரிமதாரர் தகுதி இழந்துவிட்டார் என்று திருப்தியடைந்தால் லைசென்ஸை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன் லைசென்ஸின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து ஊரில் உள்ள ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். பரப்பு நீட்டிப்பு மனுவுக்கும் அதே பக்கங்கள்தான் வேண்டும்.